நெருப்பில்லாமல் புகையாதாமே!

கேள்வி: மகள் படிவம் ஆறு படிக்கிறாள். எதைச் சொன்னாலும் “அது உங்க உண்மைம்மா, இது என் உண்மை” என்று வாயை அடைத்துவிடுகிறாள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இந்த வசனத்துக்கு வயது சுமார் 2,400 என்று முதலில் சொல்லுங்கள், பாதி வேகம் அதிலேயே குறைந்துவிடும். கிரேக்கத்தில் புரோட்டகோரஸ் என்பவர் மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றார். பிளேட்டோ மடக்கினார்: அவரவர் கருத்து அவரவருக்குச் சரி என்றால், ‘புரோட்டகோரஸ் சொல்வது தப்பு’ என்கிறவனின் கருத்தும் சரிதானே?

ஆனாலும் மகள் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். பாரசீக மன்னர் டேரியஸ், எவ்வளவு பணம் கொடுத்தால் செத்துப்போன அப்பாவைத் தின்பீர்கள் என்று கிரேக்கர்களிடம் கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். அப்புறம், இறந்த பெற்றோரை உண்ணும் வழக்கமுள்ள ஓர் இந்தியக் கூட்டத்தாரிடம் எரிப்பீர்களா என்று கேட்க, அப்படிப் பேசவே வேண்டாம் என்று அவர்கள் அலறிவிட்டார்கள். வழக்கம் ஊருக்கு ஊர் மாறும், சரி. அதிலிருந்து ‘எதுவுமே தப்பில்லை’ என்ற இடத்துக்குத் தாவுவதில்தான் கோளாறு. உடன்கட்டை ஏறுவதும் ஒரு வழக்கமாகத்தான் இருந்தது. வங்காளத்தில் 1829இல் அதைத் தடை செய்தார்கள். அதற்கு முன்பே ராம்மோகன் ராய் எதிர்த்து எழுதினார். அந்த ஊர் வழக்கம் அந்த ஊருக்குச் சரி என்றால், அன்றைக்குத் தப்பு செய்தவர் ராய்தான் என்றாகிவிடும். ஒத்துக்கொள்வாளா என்று கேட்டுப்பாருங்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், தோழி ஐம்பது வெள்ளி கடன் வாங்கிவிட்டு “திருப்பித் தரவேண்டாம் என்பது என் உண்மை” என்று சொன்னால் சும்மா இருப்பாளா என்று கேளுங்கள்.

ஒன்று, இதே கத்தி உங்கள் பக்கமும் திரும்பும். ‘நம்ம வழக்கம் அப்படித்தான்’ என்று நீங்கள் சொல்வதும் காரணம் ஆகாது.

கேள்வி: வேலையிடத்தில் என்னைப் பற்றி ஒரு வதந்தி. மறுத்தால் ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்கிறார்கள்.
– வாசகர், செந்தூல்

பதில்: அவர்களுக்கே தெரியாமல் தர்க்கப் பாடம் நடத்துகிறார்கள், அதுவும் அரைகுறையாக. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித்தருவது இதைத்தான்: இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. புகை இருக்கும் இடத்திலெல்லாம் நெருப்பு இருந்தால்தான் இது நிற்கும். பேச்சு இருக்கும் இடத்திலெல்லாம் செயலும் இருக்கும் என்று எந்த அடுக்களையில் பார்த்தார்கள்?

அதே காதையில் போலி ஏதுக்களுக்கும், அதாவது காரணம்போலத் தோன்றும் தவறான காரணங்களுக்கும், பட்டியல் உண்டு. ஆவியா பனியா என்ற சந்தேகமே தீராதபோது, புகைதான், ஆகவே நெருப்பு என்று துணிவது அதில் ஒன்று. எங்கள் பினாங்குக் கொடிமலையை மழை விட்ட காலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து பார்த்தால், ஊருக்குப் புதியவர் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிட்டுவிடுவார். மேலே போனால் வெறும் மேகம். இன்னொரு சங்கதி, அந்தக் காலத்துத் தர்க்கிகளுக்கு நம் புகைமூட்டம் தெரியாது! சுமத்ராவில் காடு எரிகிற மாதங்களில் இங்கே மலையே மறைந்துபோகும். புகை நிஜம், கண் எரிவதும் நிஜம், ஆனால் நம் மலையில் ஒரு பொறிகூட இருக்காது, கொளுத்தியது கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே புகையே என்றாலும், நெருப்பு யார் வீட்டில் என்று கேளுங்கள். முதலில் பேச்சைக் கிளப்பியது யார், அதில் அவருக்கு என்ன லாபம்? நீங்கள் செய்யவில்லை என்று நிரூபிக்க அலையவேண்டாம். நிரூபிக்கவேண்டியது சொன்னவர் வேலை.

கேள்வி: மனைவிக்குத் தெரியாமல் வாராவாரம் லாட்டரி நம்பர் எடுக்கிறேன், கேட்டால் இல்லை என்பேன். நன்மைக்குச் சொன்னால் பொய்யும் வாய்மை என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: 292ஆவது குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று இருக்கிறது. குற்றமில்லாத நன்மை. அந்தச் சொல்லை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். ஜெர்மனியின் தத்துவஞானி கான்ட் இதைவிடக் கறார்; கொலைகாரன் வாசலில் நின்று உங்கள் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார். எனக்கு அது அதிகப்படி, நான் வள்ளுவர் பக்கம்தான். ஆனால் அண்ணே, வாசலில் நிற்பது கொலைகாரன் இல்லை, உங்கள் சம்சாரம்.