கடுகுக்காக ஒரு படுக்கையறையை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி: நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஐந்தாவது படிக்கும் மகன், 72 வயது மாமியார். சொந்த வீடு வாங்க இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று மடிப்பாக்கத்தில், லிஃப்ட் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். தெருமுனையில் மளிகைக் கடை. இன்னொன்று ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) நாவலூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 18 மாடிக் கட்டடத்தில் மூன்று படுக்கையறை. நீச்சல் குளம் எல்லாம் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். “கடை கிட்டத்தில் இல்லையே” என்றேன். “எந்தக் காலத்தில் இருக்கே? ஆப்பில் தட்டினா பத்து நிமிஷத்தில் வந்துடும்” என்கிறார் கணவர். தாளிக்கும்போது கடுகு இல்லை என்றால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு படுக்கையறையை விட்டுக்கொடுப்பது அசட்டுத்தனமா?
— பெயர் வேண்டாம், சென்னை-61

பதில்: அசட்டுத்தனம் இல்லை. ஆனால் கடுகை வைத்து வாதாடினால் உங்கள் கணவர்தான் ஜெயிப்பார். கடுகு இல்லாவிட்டால் சீரகம் போட்டுத் தாளித்துவிடலாம், எதிர் ஃப்ளாட்டில் ஒரு ஸ்பூன் கேட்டும் வாங்கலாம். வீட்டில் நிஜமாகவே எது எது திடீரென்று தீர்ந்துபோகிறது என்று பாருங்கள். காலை ஆறரைக்குப் பால் திரிந்துபோகும். மாவு புளித்துவிடும். “நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டு வரணும்” என்பது இரவு எட்டே முக்காலுக்குத்தான் பையனுக்கு ஞாபகம் வரும். மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டையில் கடைசி மாத்திரை இருக்கும். பால் பூத், ஸ்டேஷனரி, மெடிக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடை. ஆகவே பக்கத்தில் ஒரு கடை இருந்தால் போதாது, நாலைந்து கடை சேர்ந்த ஒரு தெருமுனை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மடிப்பாக்கத்தில் அநேகமாக இருக்கும். நாவலூர் தாண்டி உள்ளே போனால் இடத்துக்கு இடம் மாறும், நேரில்தான் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். விளம்பரத்தில் ‘5 நிமிடத்தில் கடைவீதி’ என்று போட்டிருந்தால், அது ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் போகிறவரின் ஐந்து நிமிடம். சமையலறையில் அடுப்பை அணைத்த நொடியிலிருந்து திரும்பப் பற்றவைக்கும் நொடி வரை கணக்கெடுங்கள். பதினாறாவது மாடியில் வீடு என்றால் காலை நேரத்தில் லிஃப்ட் வரவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அப்புறம் உங்கள் டவரிலிருந்து வாசல் கேட் வரை நடை. பெரிய வளாகங்களில் அதுவே கால் கிலோமீட்டர் இருக்கும். கேட்டுக்கு வெளியே நடைபாதை இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை எப்படி என்பதையும் பாருங்கள்.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் கதை முடியாது. ஓ.எம்.ஆரில் எதிர்ச்சாரியில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பின் பெயர்ப்பலகையை இங்கிருந்தே படிக்கலாம். ஆனால் வண்டியில் போகிறவர் யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும், வரும்போது இன்னொரு யூ டர்ன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ வேலையும் அந்தச் சாலையில்தான் நடக்கிறது, அது முடியும்வரை திருப்பங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். (மடிப்பாக்கத்திலும் மெட்ரோவுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போக அந்தச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை அல்லவா?)

சாதாரணமாக நடக்கிறவர் 400 மீட்டரை ஐந்து நிமிடத்தில் கடப்பார். 1929-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி, ஒரு குடியிருப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று திட்டம் வகுத்தபோது வைத்த அளவும் இதுதான்: நடுவிலிருந்து ஓரம் வரை கால் மைல். இப்போது பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோவின் ‘15 நிமிட நகரம்’ (அன்றாடத் தேவை எல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற யோசனை) பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2020 தேர்தலில், அப்போது பாரிஸ் மேயராக இருந்த ஆன் இடால்கோ அதை வாக்குறுதியாகவே வைத்தார். பள்ளிக்கும் மருத்துவருக்கும் பதினைந்து நிமிடம் என்பது சரி. பாதி சமையலில் நிற்கிறவருக்குப் போகப் பதினைந்து, வரப் பதினைந்து என்றால், அவர் சாம்பாரை விட்டுவிட்டு ரசத்துக்கு மாறிவிடுவார். என் கணக்கில், விட்டுப்போன ஒரு சாமானுக்குப் போய் வர மொத்தம் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 72 வயதுக்காரரின் நடைக்கு என்றால் கடை 200, 250 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் எல்லாம் வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத சின்ன கிடங்குகளைப் பகுதிக்குப் பகுதி வைத்து நடத்துகிறார்கள். கிடங்கு பக்கத்தில் இருந்தால் சாமான் சீக்கிரம் வருகிறது. ராத்திரி பத்தரைக்கு போன் சார்ஜரும் ஐஸ்கிரீமும் தெருமுனைக் கடையில் கிடைக்காது. பிராண்டட் சாமான்கள் பல சமயம் ஆப்பில் விலை குறைவு. தீபாவளி, பொங்கலுக்கு அண்ணாச்சி ஊருக்குப் போய்விட்டால் கடை நாலு நாள் பூட்டித்தான் இருக்கும். இதையெல்லாம் ஒத்துக்கொள்ளுங்கள், பேச்சு சுமுகமாகப் போகும். ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு டெலிவரி கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று சேர்வதையும், அதைத் தவிர்க்க வேண்டாத நாலு சாமானைக் கூடையில் போடுவதையும் ஒரு மாதம் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது வேறு. ஆப் இருப்பது ஒருவர் போனில். அவர் மீட்டிங்கில் இருந்தால், நெட் இல்லாவிட்டால், ஓ.டி.பி. வராவிட்டால் வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் கடை கிடையாது. தெருமுனைக் கடை வீட்டில் எல்லோருக்கும் பொது. உங்கள் மாமியார் இப்போது தினமும் வெளியே போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கோயில்கள் நிறைந்த நங்கநல்லூரில் இருப்பவர் என்பதால் போவார் என்றே நினைக்கிறேன். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் இரண்டு வாழைப்பழம், ஒரு திரிக்கட்டு, கொஞ்சம் வெற்றிலை, கறிவேப்பிலை கொசுறு. அங்கே அவர் நாலு வார்த்தை பேசுகிறார், கணக்குப் பார்த்துச் சில்லறை வாங்குகிறார், யாரையும் எதிர்பார்க்காமல் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்கிறார். பதினாறாவது மாடிக்குப் போனால் வெற்றிலைக்கும் மகனிடமோ மருமகளிடமோ சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்வார், மூன்றாவது முறை வேண்டாம் என்று விட்டுவிடுவார். பையனுக்கும் அப்படித்தான். பத்து வயதில் ஐம்பது ரூபாயைக் கொடுத்து ‘ஒரு பச்சை பாக்கெட் பால், மீதி சில்லறை எண்ணி வாங்கு’ என்று அனுப்ப ஒரு கடை வேண்டும். நீச்சல் குளம் அவனுக்கு நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் அவனோடு ஒருவர் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மடிப்பாக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. அந்தப் புயலில் சென்னையில் பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள். வெள்ளத்துக்குள் எந்த ஆப்பும் வண்டி அனுப்பவில்லை. தெருவில் கடை இருந்தாலும் அது முழங்கால் தண்ணீரில் இருந்தால் பயனில்லை. அந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் வந்தது என்று கடைக்காரரிடமே கேளுங்கள், சுவரில் கோட்டைக் காட்டுவார்.

ஓ.எம்.ஆர். வளாகத்துக்குள்ளேயே கடை உண்டு என்று பில்டர் சொன்னால், எத்தனை வீட்டில் ஆள் குடியிருக்கிறது என்று விசாரியுங்கள். பாதி ஃப்ளாட் முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிக் கிடந்தால் கடைக்காரரால் வாடகை கட்ட முடியாது. முதலில் காய்கறியை நிறுத்துவார், அப்புறம் மதியம் பூட்டுவார், ஒரு நாள் ஷட்டரில் வேறு போர்டு தொங்கும்.

என் ஓட்டு மடிப்பாக்கத்துக்கு, தண்ணீர்ப் பிரச்சினை இல்லாத தெருவாக இருந்தால். ஒருவேளை ஓ.எம்.ஆர். என்று முடிவானால், மூன்றாவது படுக்கையறையில் ஒரு அலமாரியை இப்போதே மளிகைக்கு ஒதுக்கிவிடுங்கள். கடை தள்ளிப் போனால் வீட்டில் இருப்பு ஏறும்: எண்ணெய் இரண்டு பாக்கெட், மாத்திரை பதினைந்து நாளுக்குக் கூடுதலாக, அவசரத்துக்குப் பால் பவுடர். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் வண்டியில் கடைத்தெருவுக்குப் போய்வருவது என்று நாளையும் குறித்துவிடுங்கள், ‘முடிந்தபோது’ என்று வைத்தால் நடக்காது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை உங்கள் கணவரை அந்த ஓ.எம்.ஆர். ஃப்ளாட் வாசலில் நிறுத்தி, நடந்துபோய் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கி வரச் சொல்லுங்கள், கையில் வாட்ச் இருக்கட்டும். அதே இடத்தில் நின்று ஆப்பில் முகவரியைப் போட்டு எத்தனை நிமிடம் காட்டுகிறது என்றும் பாருங்கள், ஞாயிறு மதியமும் மழை நாளிலும் இன்னொரு தடவை. கடை எங்கே என்று விற்பனைப் பிரிவில் கேட்க வேண்டாம். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடமும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களிடமும் டீத்தூள் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள்.