ஒன்றரை அடி விறாந்தைக்கு எவ்வளவு நீளச் சாய்தளம்?

மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள வீட்டில் 18 அங்குல உயர விறாந்தைக்குச் சக்கர நாற்காலி ஏற ஆறடிச் சாய்தளம் போதும் என்று மேசன் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஆக 18 அடி. ஆறடியில் கட்டினால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயும், ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. தானாகவே ஏறி இறங்குவதுதானே நோக்கம்!

முற்றத்தில் நீளம் இல்லையென்றால் ஒன்பது ஒன்பது அடியாக 'ட' வடிவில் மடக்கி, மூலையில் ஐந்தடிச் சதுர மட்டத்தளம் விடுங்கள். கதவுக்கு முன்னாலும் அப்படியே. அகலம் நாலடி, சக்கரம் வெளியே நழுவாதபடி ஓரத்தில் மூன்றங்குல உயரக் கட்டு. சீமெந்தை மினுக்க விடாதீர்கள். ஈரமாயிருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்காக இழுத்தால் மாரியில் வழுக்காது.

நம் பக்கம் அதிகம் பிழைப்பது அடிப்பகுதிதான். மணல்! இறங்கி வரும்போது சின்ன முன்சக்கரம் அதில் புதைந்து ஆளை முன்னுக்குக் கவிழ்த்துவிடும். மழைநீரும் விளிம்பின் கீழ் மண்ணை அரித்துப் படி உண்டாக்கும். விளிம்பை ஓரடி ஆழம் இறக்கி, படலை வரை கொங்கிறீட் பாதை போடுங்கள்.

கதவின் நிலைப்படி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் அதையும் செதுக்கச் சொல்லுங்கள்.