ஓடிக்கொண்டிருக்கும் நோட் சர்வரை உள்ளிருந்தே ஆராய்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட எங்கள் பில்லிங் சர்வர் நாளுக்கு ஓரிரு முறை, முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரங்களில், சில நிமிடங்கள் மந்தமாகிவிடுகிறது. சர்வரை நிறுத்தித் தொடங்காமல், அந்த நிமிடங்களை மட்டும் ப்ரொஃபைல் (எந்தச் சார்பு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்ற பதிவு) எடுக்க முடியுமா?

பதில்: முடியும். 2017இல் வெளிவந்த 8ஆம் பதிப்பிலிருந்தே ‘இன்ஸ்பெக்டர்’ என்ற மாட்யூல் நோடுடன் சேர்ந்தே வருகிறது. குரோம் உலாவியின் ஆய்வுக் கருவியான டெவ்டூல்ஸ் எந்தக் கட்டளைகளை அனுப்புகிறதோ, அதே கட்டளைகளை உங்கள் நிரலே தனக்குத்தானே அனுப்பிக்கொள்ள இது வழி செய்கிறது. ஒரு செஷனை உருவாக்கி கனெக்ட் செய்யுங்கள், ‘ப்ரொஃபைலர்.எனேபிள்’, ‘ப்ரொஃபைலர்.ஸ்டார்ட்’ ஆகியவற்றை வரிசையாக போஸ்ட் செய்து, 30 வினாடி கழித்து ‘ப்ரொஃபைலர்.ஸ்டாப்’ அனுப்புங்கள். திரும்பி வரும் ப்ரொஃபைலை ஜேசனாக, ‘சிபியுப்ரொஃபைல்’ என்ற நீட்சியுடன் கோப்பில் எழுதினால் டெவ்டூல்ஸ் அதைத் திறந்து காட்டும். 19ஆம் பதிப்பு முதல் இதற்கு ப்ராமிஸ் வடிவமும் இருப்பதால், கால்பேக்குகளை அடுக்கவேண்டிய தேவையில்லை.

எப்போது தொடங்குவது என்பதைத்தான் கவனமாக முடிவு செய்யவேண்டும். ‘பெர்ஃப் ஹூக்ஸ்’ மாட்யூலில் உள்ள ‘மானிட்டர்ஈவென்ட்லூப்டிலே’ ஈவென்ட் லூப்பின் (வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் நோடின் சுழற்சி) தாமதத்தை நானோவினாடியில் தருகிறது. பத்து லட்சத்தால் வகுத்தால் மில்லிவினாடி கிடைக்கும். தாமதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ப்ரொஃபைலைத் தொடங்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அதைச் சோதிக்கும் டைமரும் அதே த்ரெட்டில்தான் (நிரல் ஓடும் ஒரே இழை) ஓடுகிறது என்பதால், ஒரே ஒரு நீண்ட அடைப்பு நேர்ந்தால், அது முடிந்த பிறகே உங்கள் டைமருக்கு முறை வரும். குற்றவாளி வெளியேறிய பிறகு கதவைப் பூட்டியதாகிவிடும். ஆகவே, நிமிடத்துக்கு ஒரு ப்ரொஃபைலைத் தொடங்கி முடித்து, அந்த நிமிடத்தில் தாமதம் இயல்பாக இருந்திருந்தால் அதை எறிந்துவிட்டு, மிகுந்திருந்தால் மட்டும் சேமிக்கும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். மாதிரி எடுக்கும் இடைவெளி இயல்பாக 1000 மைக்ரோவினாடி. தொடர்ந்து ஓட்டுவதானால் அதை 5000 அல்லது 10,000 ஆக உயர்த்திச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றத்தை ஸ்டார்ட்டுக்கு முன்பே செய்தாகவேண்டும்.

அப்படிச் சிக்கிய ஒரு ப்ரொஃபைலை நான் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு பில்லிங் நிரல்தான். டேட்டாபேஸ்மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். ப்ரொஃபைலில் மிக அகலமாகத் தெரிந்த பட்டையோ, தொகையை லட்சம், கோடி முறைப்படி காற்புள்ளியிட்டு எழுதும் மூன்று வரிச் சார்பு. அது பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு ‘நம்பர்ஃபார்மேட்’ ஆப்ஜெக்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்த உருவாக்கத்தை லூப்புக்கு வெளியே, ஒரே முறை நிகழுமாறு நகர்த்தியதும் மந்தம் நீங்கிவிட்டது.

கேள்வி: இதே முறையில், நிரலைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்தும் ஒரு பிரேக்பாயிண்டை வைத்தேன். அந்த வரியை எட்டியதும் சர்வர் முழுவதும் உறைந்துபோனது. ஏன்?

பதில்: நிறுத்தப்பட்ட த்ரெட்டும், நிறுத்தத்தைக் கையாளவேண்டிய உங்கள் நிரல் ஓடும் த்ரெட்டும் ஒன்றே என்பதுதான் காரணம். ஒரு வொர்க்கர் த்ரெட்டைத் தொடங்கி, அதற்குள் செஷனை உருவாக்கி, 12.11 பதிப்பில் வந்த ‘கனெக்ட்டுமெயின்த்ரெட்’ மூலம் முதன்மை த்ரெட்டுடன் இணையுங்கள்.

அப்போதும், நிறுத்தம் நீடிக்கும் வரை எந்தப் பயனருக்கும் பதில் போகாது. எனவே உண்மையான பயனர்கள் இருக்கும் சர்வரில் நிறுத்தாத பிரேக்பாயிண்டே ஏற்றது. ‘டீபக்கர்.செட்பிரேக்பாயிண்ட்பையூஆர்எல்’ கட்டளை ஒரு நிபந்தனையை ஏற்கிறது. அந்த இடத்தில், பார்க்க விரும்பும் மாறியுடன் ஒரு ‘கன்சோல்.லாக்’ அழைப்பை எழுதுங்கள். கன்சோல்.லாக் மதிப்பு எதையும் திருப்பித் தராததால் நிபந்தனை பொய்யாகிவிடும். மாறியின் மதிப்பு லாக்கில் பதிவாகும், சர்வரும் நிற்காது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை ஓடும் வரியில் மட்டும் இதை வைக்கவேண்டாம்.

கேள்வி: நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்க ஹீப் ஸ்னாப்ஷாட் (நிரலின் ஆப்ஜெக்டுகள் இருக்கும் நினைவகப் பகுதியின் முழுப் படம்) எடுத்தபோது சர்வர் ஓடும் கன்டெய்னரே கொல்லப்பட்டது. வேறு வழி உண்டா?

பதில்: ஸ்னாப்ஷாட் எடுக்க, அப்போதைய ஹீப்பின் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நினைவகம் தேவைப்படும், எடுத்து முடியும்வரை ஈவென்ட் லூப்பும் நின்றிருக்கும். கன்டெய்னரின் எல்லையை ஒட்டி ஹீப் வளர்ந்த பிறகு அதை எடுக்க முயல்வது ஆபத்து.

முதலில் ‘ப்ராசஸ்.மெமரியூசேஜ்’ தரும் எண்களைப் பாருங்கள். ‘ஹீப்யூஸ்டு’ நிலையாக இருக்க, ப்ராசஸ் ரேமில் பிடித்திருக்கும் மொத்த இடமான ‘ஆர்எஸ்எஸ்’ஸும் ‘அரேபஃபர்ஸ்’ஸும் ஏறிக்கொண்டே போனால், கசிவு பஃபர்களில் (மூல பைட்டுகளை வைத்திருப்பவை) இருக்கிறது, அவற்றின் உள்ளடக்கம் நோடின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8இன் ஹீப்புக்கு வெளியே இருப்பது. ஹீப்யூஸ்டு ஏறுகிறது என்றால் ‘ஹீப்ப்ரொஃபைலர்.ஸ்டார்ட்சாம்ப்ளிங்’ பயன்படுத்துங்கள். இது சராசரியாக 32,768 பைட்டுக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் எடுப்பதால் சுமை குறைவு. எந்தச் சார்பு உருவாக்கிய ஆப்ஜெக்டுகள் இன்னும் உயிருடன் இருக்கின்றன என்பதை இது காட்டும். அவற்றை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. அதற்கு ஸ்னாப்ஷாட்டே வேண்டும் என்ற நிலை வந்தால், சர்வரின் ஒரு பிரதியை மட்டும், கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரிலிருந்து விலக்கி, ஹீப் சிறிதாக இருக்கும்போதே ஒன்றும், சோதனைச் சுமை கொடுத்த பிறகு ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள், டோக்கன்கள், வாடிக்கையாளரின் விவரங்கள் எல்லாம் வெறும் எழுத்தாகவே இருக்கும் என்பதால், அதை அலுவலக சாட்டில் பகிர்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

கேள்வி: வெளியிலிருந்து டீபக்கரை இணைக்க 9229 போர்ட்டை 0.0.0.0 முகவரியில் (எந்தக் கணினியும் அணுகும்படி) திறந்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த போர்ட்டுடன் இணைபவர் எவரும் உங்கள் ப்ராசஸின் உரிமையுடன் எந்த நிரலையும் ஓட்டிவிட முடியும். அதே கணினிக்கு மட்டுமான, இயல்பான 127.0.0.1 முகவரியையே வைத்துக்கொண்டு, மறையாக்கப்பட்ட எஸ்எஸ்ஹெச் டனல் வழியாக இணையுங்கள். வேலை முடிந்ததும் ‘இன்ஸ்பெக்டர்.க்ளோஸ்’ அழைத்து மூடிவிடுங்கள். முதல் இரு பதில்களில் சொன்ன செஷன் எந்த போர்ட்டையும் திறப்பதில்லை.

கேள்வி: கோரிக்கைகளுக்கு நான்கைந்து வினாடி ஆகிறது. ஆனால் சிபியு ப்ரொஃபைலில் பெரும்பகுதி ‘ஐடில்’ என்றே வருகிறது. ப்ரொஃபைல் தவறா?

பதில்: ப்ரொஃபைல் சரிதான். அது உழைப்பை மட்டுமே அளக்கிறது, காத்திருப்பை அளப்பதில்லை. ‘ஈவென்ட்லூப்யூட்டிலைசேஷன்’ 0 முதல் 1 வரை ஒரு மதிப்பைத் தரும். அதுவும் 0வை ஒட்டியிருந்தால், உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எதற்காகவோ காத்திருக்கிறது. முதலில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில் இடம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளவிடுங்கள். அங்கே குறையில்லை என்றால் நோட் பின்னணி வேலைகளுக்குப் பயன்படுத்தும் லிப்யூவி நூலகத்தின் த்ரெட் பூலைப் பாருங்கள். அதில் இயல்பாக 4 த்ரெட்டுகளே உள்ளன. கோப்பு வாசிப்பு, கடவுச்சொல் ஹாஷ் செய்யும் ‘பிபிகேடிஎஃப்2’, சேவையின் பெயரை முகவரியாக மாற்றும் ‘டிஎன்எஸ்.லுக்அப்’ ஆகிய எல்லாமே அந்த நான்குக்காகத்தான் வரிசையில் நிற்கின்றன. ஒரே நேரத்தில் பலர் லாகின் செய்யும்போது, வேறொரு சேவைக்குப் போகவேண்டிய சாதாரணக் கோரிக்கைகூட அதன் பெயரை முகவரியாக மாற்றுவதற்கே வினாடிக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.