தலைக்குள் செல் (எறிகணை) துண்டு இருந்தால் காந்தச் சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம்

தங்கச்சி, உங்கள் கணவர் காலையிலேயே கசிப்பில் தொடங்குகிறார், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் தலைக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குடியை நிறுத்த மூளைக்குக் காந்தச் சிகிச்சை செய்யக் கனடா அண்ணா காசு அனுப்புகிறாராம். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

அந்தச் சிகிச்சையில் தலையில் வைக்கும் சுருள் வலுவான காந்தத் துடிப்புகளை அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அது சூடாகலாம், அசையவும் கூடும். வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. குடியை விடும் நாட்களில் அது இன்னும் கூடும். எந்த டொக்டரிடம் போனாலும் செல் துண்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு மனச்சோர்வுக்கு 2008இலும் புகைத்தலை விட 2020இலும் அனுமதி கிடைத்தது. குடிக்கு இன்னும் ஆய்வு நிலைதான்.

குடியை விட உதவும் இன்னொரு வழியும் உண்டு: கணினித் திரையில் வரும் மதுப் படங்களைத் தள்ளிவிடும் பயிற்சி. அதனால் ஆபத்தில்லை. ஜெர்மனியில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், வழமையான சிகிச்சையோடு அதையும் செய்தவர்கள் ஒரு வருடம் கழித்து ஓரளவு மேலாக இருந்தார்கள். ஆனால் அது மட்டும் போதாது.

இப்போது அவசரம் வேறு. கை நடுங்குகிறவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், உயிரே போகலாம்! முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சி பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்ற விற்றமினும் கொடுத்துக் கவனமாக நிறுத்துவார்கள். அரச ஆஸ்பத்திரிதான், காசு கேட்க மாட்டார்கள். அவர் வர மறுத்தால் நீங்களே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள்.