லத்தீனோ தன்பாலீர்ப்பு ஆண்களிடம் எச்ஐவி தடுப்புக்கு எது தடை, எது உதவி என்று அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வாழும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட) தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் எச்ஐவி தடுப்பு மருந்தான பிரெப் எடுக்க எது தடை, எது உதவி என்று அறியக் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். இரண்டையும் ஒரே அளவுகோலில் அடக்கலாமா?

அடக்க வேண்டாம். தடையைத் தலைகீழாகத் திருப்பினால் உதவி ஆகிவிடாது. காசில்லை என்பது தடை; ஆனால் காசு இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கிளினிக் படியேறுவதில்லை. ஏற்கெனவே பிரெப் எடுக்கும் நண்பர், ஸ்பானிஷ் பேசும் நர்ஸ் என்று, போக வைப்பவை வேறு. தனித்தனியாக எழுதி, காரணிப் பகுப்பாய்வில் (எந்தெந்தக் கேள்விகளின் விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்த்துக் குழுவாக்கும் புள்ளியியல் முறை) உண்மையிலேயே பிரிகின்றனவா என்று பாருங்கள். தடைகளை எல்லாம் ‘இல்லை’, ‘முடியாது’ என்றே எழுதினால், வாக்கிய அமைப்பாலேயே அவை ஒன்று சேர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பு என்று நம்பிவிடக் கூடாது.

பல கேள்வித்தாள்கள் கவிழும் இடம், எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பது. பிரெப் என்ற பெயரையே கேள்விப்படாதவரிடம் “பக்கவிளைவு பயம் எவ்வளவு, 1 முதல் 5-க்குள் சொல்லுங்கள்” என்றால், பேசாமல் 3-ஐ வட்டமிடுவார். அந்த 3-க்கு அர்த்தமே கிடையாது, ஆனால் சராசரியில் கலந்துவிடும். கேள்விப்பட்டதுண்டா, எடுக்க நினைத்ததுண்டா, டாக்டரிடம் கேட்டதுண்டா, இப்போது எடுக்கிறீர்களா, எடுத்து நிறுத்தினீர்களா என்று முதலில் பிரித்து, அந்தந்த நிலைக்குரிய கேள்விகளை மட்டும் காட்டுங்கள். ‘எனக்குப் பொருந்தாது’ என்று தனி விடை வையுங்கள். அதற்குப் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.

வெறுமனே ‘பிரெப்’ என்று கேட்பதும் போதாது. 2012-இல் அனுமதி பெற்ற தினசரி மாத்திரை என்றால், வீட்டில் டப்பாவை யார் கண்ணிலும் படாமல் வைப்பதுதான் பிரச்சினை. 2021 டிசம்பரில் வந்த, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, 2025 ஜூனில் வந்த, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால், வேலைக்கு லீவு போட்டுக் கிளினிக்குக்குப் போவது. செலவையும் உடைத்துக் கேளுங்கள்: மருந்து விலை ஒன்று, ரத்தப் பரிசோதனையும் டாக்டர் கட்டணமும் இன்னொன்று. மருந்து இலவசமாகக் கிடைத்தும் லேப் பில்லைப் பார்த்து நிறுத்துபவர் உண்டு.

குடியேற்ற விஷயத்தில் “உங்களிடம் பேப்பர் இருக்கிறதா” என்று கேட்கவே கேட்காதீர்கள். பாதியிலேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். “கிளினிக்கில் கொடுக்கும் விவரம் குடியேற்ற அதிகாரிகளுக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறேன்” என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு உடன்படுகிறார் என்று பாருங்கள், அது போதும். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் பொருந்தாது என்பதால் மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனிப் பகுதியாக வைப்பதே சரி.

ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கடைசியில் ஸ்பானிஷுக்கு மாற்றுவதைவிட, இரண்டு மொழியிலும் சேர்த்தே எழுதுவது நல்லது. பிறகு மெக்சிகோ, டொமினிக்கன், மத்திய அமெரிக்கப் பின்னணி உள்ளவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திணறுகிற கேள்வியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் தூக்குங்கள்.

முதல் காரணிப் பகுப்பாய்வுக்குச் சுமார் 300 பேர், உறுதிப்படுத்த வேறொரு குழு. ஸ்பானிஷில் நிரப்பியவர்களையும் ஆங்கிலத்தில் நிரப்பியவர்களையும் ஒப்பிடும் முன் அளவீட்டுச் சமத்துவம் பாருங்கள், அதாவது அளவுகோல் இரு குழுவிலும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி அளக்கிறதா என்று. இரு குழுவுக்கும் ஒரே மதிப்புகள்தான் என்ற கட்டுப்பாட்டை ஒரு படி இறுக்கும்போது, மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சிஎஃப்ஐ எண் 0.01-க்கு மேல் சரிந்தால் அந்த ஒப்பீடு நிற்காது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.85 வந்துவிட்டது என்பது இதற்குப் பதில் அல்ல. இணையத்தில் பணம் கொடுத்து நிரப்ப வைத்தால் போட்கள் (ஆள் போலத் தானாகவே நிரப்பும் கணினி நிரல்கள்) படையெடுக்கும், அதற்கும் வடிகட்டி வேண்டும். கடைசியாக, ஆறு மாதம் கழித்து அதே ஆட்களில் யார் பிரெப் தொடங்கினார்கள் என்று பாருங்கள். தடை மதிப்பெண் குறைவாக இருந்தவர்களும் அதிகமாக இருந்தவர்களும் ஒரே அளவில் தொடங்கியிருந்தால், அளவுகோலைத் திரும்பக் கையில் எடுக்க வேண்டியதுதான்.