கறுப்பு எள்ளா, ரத்தமா?

மண்ணீரலை விடுங்கள் அம்மா, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணீரல் பலவீனமோ, புற்றுநோயோ என்று பயந்து சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசிக்கு முந்தின வரிதான்: "பத்து நாளாக மலம் கறுப்பாகப் போகிறது, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தரும் எள் கூழால்தான் என்று நினைக்கிறேன்."

இருக்கலாம். கறுப்பு எள்ளை வறுத்து, அரிசியோடு அரைத்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சும் அந்தக் கூழைச் சீனர்கள் மலச்சிக்கலுக்குக் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள், கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால் மலம் கறுக்கவும் செய்யும். ஆனால் ஊருக்குப் போனபோது மருந்துக் கடையில் வாங்கி வந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை, யாரையும் கேட்காமல், முட்டிவலிக்கு மூன்று மாதமாகத் தினமும் இரண்டு போடுவதாகப் பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் 58 வயதில்! இந்த மாத்திரை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். புண் கசிந்தால் ரத்தம் சிவப்பாக வராது, அமிலம் பட்டு, குடலில் செரித்து, கறுப்பாகத்தான் வெளியே வரும்.

எள்ளால் கறுத்தது என்றால் நிறம் மட்டும்தான் மாறும், உருவமும் வாடையும் வழக்கம்போலத்தான். ரத்தம் என்றால் தார் மாதிரி பளபளவென்று, பிசுபிசுத்து, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாமல், குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இருக்கும். அப்படி இருந்தால், ஏன், அப்படியோ என்று சந்தேகம் இருந்தாலே, மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. எழுந்தால் தலை சுற்றல், மயக்கம், ரத்த வாந்தி என்றால் 995-க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நிச்சயமாகத் தார் இல்லையென்றாலும் நாளைக்குப் பலதுறை மருந்தகத்தில் ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். எள்ளை நிறுத்திப் பார்ப்போம் என்று வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம். டைக்ளோஃபெனாக் இனி ஒன்றுகூடக் கூடாது.

அப்புறம், சீன மருந்துக் கடையில் சொன்ன 'மண்ணீரல் பலவீனம்'. அவர்கள் 'பி' என்று சொல்வது செரிமானத்தையே நடத்தும் ஒரு சக்தியை. அதற்கு மண்ணீரல் என்று யாரோ மொழிபெயர்த்து வைக்க, நீங்கள் இடது விலாவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாக்கில் வெள்ளைப் படிவு, வயிற்றில் கடமுடா சத்தம் எல்லாம் எனக்கும் உண்டு. நடுராத்திரியில் போனில் புற்றுநோய் தேடினால் அது கிடைக்காமல் போகுமா? தேவைப்பட்டால் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி செய்வார்கள், பத்து நிமிஷத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

கஞ்சி தாராளமாகக் குடியுங்கள். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து, இரண்டு வில்லை இஞ்சியும் ஒரு துண்டு காய்ந்த மாண்டரின் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் குழைய வேகவிட்டால் நோயாளி வயிற்றுக்கு அதைவிட இதமானது குறைவு. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கிண்ணம் சின்னதாக இருக்கட்டும், குழைந்த அரிசி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். நீங்கள் குடிக்கும் 'ஷான்ஷா' என்ற புளிப்புச் சீனப் பழத்தின் தண்ணீர் கொழுத்த இறைச்சி சாப்பிட்ட பிறகு குடிக்கிற சமாச்சாரம். அந்தப் புளிப்பை நீங்கள் காலையில் வெறும் வயிற்றில் ஊற்றுகிறீர்கள்! புண் இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடாதீர்கள். அந்தப் பழத்தை வெறும் வயிற்றில் நிறையத் தின்று, இரைப்பையில் கல்லாகத் திரண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு.

புண் என்று தெரிந்தால் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும்.