கைப்பேசிக்குள் பிள்ளைகள் தேடுவது என்ன? – ஒரு மனநல ஆலோசகரின் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எந்நேரமும் கைப்பேசிதான். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

அவனுடைய நண்பர்கள் இருக்கிறார்கள். பதின்பருவத்தில் பெற்றோரின் பாராட்டைவிடச் சம வயதினரின் ஏற்பு பெரிதாகிவிடும். இது இயல்பான வளர்ச்சி. மூளையில் பாராட்டுக்கும் பரிசுக்கும் துள்ளும் பகுதி இந்த வயதில் முந்திக்கொள்கிறது. 'போதும், நிறுத்து' என்று கட்டுப்படுத்தும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். 2016இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஓர் ஆய்வில், தாங்கள் எடுத்த படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்த பதின்பருவத்தினரின் மூளையில் அந்தப் பரிசுப் பகுதிதான் சுறுசுறுப்பானது. இன்னொன்றும் தெரிந்தது: அடுத்தவர் படமானாலும், ஏற்கெனவே நிறைய லைக் வாங்கியதற்கே அவர்களும் லைக் போட்டார்கள். உங்கள் மகன் குழுவில் ஒரு செய்தியைத் தவறவிட்டால், மறுநாள் வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது அவனுக்கு மட்டும் காரணம் புரியாது. நமக்கு அற்பமாகத் தோன்றும் அந்தத் தனிமை அவனுக்கு உண்மையிலேயே வலிக்கும்.

கேள்வி: எனக்கு 16 வயது. ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று ரீல்ஸ் திறந்தால் நள்ளிரவாகிவிடுகிறது. எனக்கு மன உறுதியே இல்லையா?

உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. பக்கம் முடிந்தால் வாசிப்பவர் நிற்பார். எனவே முடிவே இல்லாத பக்கத்தை உருவாக்கினார்கள். 2006இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த காணொளி நன்றாக இருக்குமா, இருக்காதா என்று தெரியாததுதான் விரலை நகர்த்துகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசைத்தான் மனம் விடாமல் துரத்தும். அறிவிப்புகளையும் தானாக ஓடும் காணொளியையும் அணைத்து வை. படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜ் போடு. மன உறுதியை நம்புவதைவிட இது எளிது.

கேள்வி: பிள்ளைகளின் மனச்சோர்வுக்குச் சமூக ஊடகம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்கள் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். ஆனால் 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தரவுகளை அலசியபோது, அவர்களின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் மின்திரைப் பயன்பாட்டோடு தொடர்புள்ளது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றே தெரிந்தது.

இரண்டும் முரணாகத் தெரியலாம். சராசரி என்பது நன்றாக இருக்கும் பிள்ளையையும் நொறுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண். அதோடு, ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளைதான் திரைக்குள் அதிகம் ஒதுங்குகிறது. எனவே நான் முதலில் கேட்பது மணிக்கணக்கை அல்ல. அங்கே யாரோடு பேசுகிறாய்? அணைத்த பிறகு மனம் எப்படி இருக்கிறது? தூக்கம், விளையாட்டு, நேரில் பழகும் நட்பு, இவற்றில் எது குறைந்தது? இந்தப் பதில்களில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்வி: மகளுக்கு 12 வயது. படம் போட்டுச் சற்று நேரத்தில் லைக் வராவிட்டால் நீக்கிவிடுகிறாள். இப்போது இரவு உணவையும் தவிர்க்கிறாள்.

படத்தை நீக்குவது கவனிக்க வேண்டியது. உணவைத் தவிர்ப்பது காத்திருக்கக் கூடாதது. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் பார்க்கும் முகங்களில் பல செயலியால் மெருகேற்றப்பட்டவை என்பதை அவளோடு உட்கார்ந்து, ஒரே படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் காட்டுங்கள். வீட்டில் யாருடைய எடையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் கேலி பேசாதீர்கள். உங்களுடையதைப் பற்றியும்தான்.

கேள்வி: கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டால் தீராதா?

பெரும்பாலும் தீராது. ஒளித்துப் பார்ப்பார்கள்; அங்கே ஏதேனும் தொல்லை நேர்ந்தாலும், கைப்பேசி போய்விடும் என்ற பயத்தில் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றுண்டு: தூக்கம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. அந்த வயதில் உடலே தாமதமாகத்தான் உறக்கத்துக்குத் தயாராகிறது; திரை அதை இன்னும் தள்ளிப்போடுகிறது. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் இருக்கட்டும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து.

கேள்வி: என் தோழி நேற்று இரவு, 'இனி நான் இருக்க மாட்டேன்' என்று பதிவிட்டு உடனே அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அந்தச் சத்தியத்தை இப்போதே மீறு. அவள் பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, உன் அம்மாவிடமோ இன்றே சொல். ஒருவர் பொருட்படுத்தாவிட்டால் அடுத்தவரிடம் போ. அவளிடம் 'சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்றால் பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை அவளைத் தனியே விடாதே. உடனே அவசர உதவிக்கு அழைக்கச் சொல். அவள் உன்மேல் கோபப்படலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்.